பச்சை கேட்டுக்குப் போன மாலை

அம்பத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவன் பெயரை நான் கேட்டதே இல்லை. சுருட்டை முடி, வெற்றிலை வாய். சட்டை நுனியால் போனைத் துடைத்துக்கொண்டே இருப்பான். எனக்கு எழுத்து தெரியாது. சாக்கடை என் வீட்டுக்குள் வந்தபோது போனில் கார்ப்பரேஷனுக்குப் புகார் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். என் செருப்பு மிதந்தது, அதுவும் புதுச் செருப்பு!

சில நாளில் வந்து போனை நீட்டினான்.

"ஆயா, உங்க தெரு கால்வாய சரி பண்ட்டாங்களாம். போட்டோ போட்டுக்கீறாங்க, பாரு."

சுத்தமான கால்வாய். பின்னால் பச்சை கேட்.

"இன்னா நைனா, இது எங்க தெருவே இல்ல. புகாரப் பாக்குற ஆபீசர் ஊடு. தெனம் நான் பூ குடுக்குற ஊடு!"

அவன் முகம் மாறியது. "பெரிய மாலையா ஒண்ணு கட்டு ஆயா."

மறுநாள் எங்கள் தெருவே அந்தக் கேட்டில் நின்றது. ஆபீசர் லுங்கியோடு வெளியே வந்தார். அவன் போனைத் துடைத்து லைவ் போட்டான். நான் மாலையை நீட்டினேன்.

"சார், எங்க தெருவ உங்க ஊட்டாண்ட தூக்கியாந்து சுத்தம் பண்ணீங்களே, ரொம்ப தேங்க்ஸ்!"

ஊரே பார்த்தது. அவருக்கு வியர்த்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு கை சோறு கூடவே இறங்குகிறது. சாயங்காலமே அடைப்பெடுக்கும் லாரி வந்தது.

"உனக்கு இன்னாத்துக்கு நைனா இவ்ளோ கோவம்? நீ எந்தத் தெரு?"

போனைத் துடைத்தான். "எங்க தெருவ போன வருசமே சரி பண்ட்டாங்க ஆயா. போட்டோல."

அடுத்த மாலை கட்ட அப்போதே வாழைநாரை நனைக்கப் போட்டேன்.