இறால் கொட்டில் வாசலில் ஒரு தாதி

இறால் கொம்பனி முதலாளி எங்கள் ஊரை ஏமாற்றினார். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தார்.

அது சண்டைக் காலம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர். டிஸ்பென்சரியில் இருந்தவர் ஓடிப்போய்க் கதவு பூட்டிக் கிடந்தது. வெளியூர்த் தாதி எவரும் வாவியைத் தாண்டி வர ஆயத்தமில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த நேரத்தில்தான் முதலாளி எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார். ஊர்ப் பெண்களை ஆஸ்பத்திரியில் பழக்கும் செலவு கொம்பனியுடையது, பழகி முடித்ததும் அவரவர் ஊர் டிஸ்பென்சரிக்கே போகலாம், சுகாதாரப் பகுதியோடு பேசி முடித்தாயிற்று என்றார். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன், பழகப் பெயரும் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒழுங்காகத்தான் பழக்கினார்கள். புண் கழுவ, சீழ் எடுக்க, ஊசி போட, பிள்ளைப்பேற்றில் உதவி செய்யப் பழகினேன். முடிந்த கையோடு, ஊருக்குப் போகுமுன் கொஞ்ச நாள், ஆஸ்பத்திரி இருக்கும் கிழக்குக் கரையிலேயே கொம்பனியில் நிற்க வேண்டும் என்றார்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று எவரும் சொல்லவில்லை.

அங்கே என்ன வேலை தெரியுமா? காலையில் கொட்டில் வாசலில் நின்று, இறால் உரிக்க வரும் பெண்களின் கைகளைப் புரட்டிப் பார்ப்பது. காயமோ புண்ணோ இருந்தால் திருப்பி அனுப்புவது. வெளிநாட்டுக்குப் போகிற இறாலில் புண் பட்டுவிடக் கூடாதாம். இறால் முள் குத்தியும் ஐஸ் தண்ணீரில் ஊறியும் கை புண்ணாவதே அந்தக் கொட்டிலில்தான். புண்ணாக்குகிறவரும் முதலாளி, புண் என்று விரட்டுகிறவரும் அவர். நடுவில் வெள்ளை உடுப்போடு நான். என்னோடு பழகிய மற்றப் பெண்களையும் தன் மற்றக் கொட்டில்களின் வாசலில் இப்படியே நிறுத்தினார். வரிசையில் நின்ற ஒருத்தி, "இவ கை பாக்கிற சாத்திரக்காரி கா. ஆயுள மட்டும் சொல்லமாட்டா" என்று நக்கலடித்தாள். சிரித்தார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர்கள்மேல் அல்ல.

ஒரு நாள் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி வந்தாள். எனக்கு மாமி முறை. நடுவிரல் வீங்கிப் பளபளத்தது. கீறிச் சீழை எடுத்துக் கழுவிக் கட்டினால் ஆறிவிடும். உள்ளே கூட்டிப் போனேன். மனேச்சர் மறித்தார்.

"மிஸ்ஸி, உங்கட வேலை பாக்கிறது. மருந்து கட்டுறதில்ல."

வெளியே வைத்தாவது கட்டுகிறேன் என்றேன். மருந்து அலுமாரியின் திறப்பு அவரிடம்தான் இருந்தது. தரவில்லை.

"ஊருல டிஸ்பென்சரி இரிக்குதானே. அங்க போகட்டும்."

மாமி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அங்க இரிக்க வேண்டிய ஆள இஞ்ச வச்சிக்கொண்டு, அங்க போகட்டாம். கேட்டியா மகள்?"

நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். பின்னேரம் ஆமி தோணித்துறையை மூடிவிடும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் தனியே என்றாள். சீலைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டு தோணிக்கு நடந்தாள்.

அன்று மூடிய துறையை ஆமி மறுநாள் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பூட்டிய டிஸ்பென்சரிக்குப் பக்கத்து வளவில்தான் மாமியின் வீடு. மஞ்சள் அரைத்துக் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு கொட்டிலில் அவளுக்கு வேலையும் இல்லை. விரல் குறைந்த கை உரிக்கச் சுணங்குமாம். இதைச் சொல்ல மனேச்சருக்கு வாய் கூசவில்லை.

நான் வேலையை விட்டு, ஊர் டிஸ்பென்சரியைத் திறந்து தாருங்கள் என்று சுகாதாரப் பகுதியிடம் போனேன். கொம்பனி செலவில் பழகியவள் என்பதால், கொம்பனி விடுவித்துக் கடிதம் தந்தால்தான் முடியும் என்றார்கள். கொம்பனி விடுவிக்கவேயில்லை.

இப்போது முதலாளிக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். சண்டைக்குள்ளும் கிராமங்களுக்குத் தாதிமாரைத் தந்தவராம். முதலாளி, அடுத்த மேடையில் மைக்கைப் பிடித்ததும் இதற்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் செலவில் பழகிய பெண்களில் ஒருத்தியாவது எந்த ஊர் டிஸ்பென்சரியில் வேலை செய்தாள்? அந்த ஊரின் பெயரைச் சனத்துக்கு முன்னால் சொல்லுங்கள்.