நான் எடுத்த சுத்தப் பிரதி

1. ஐம்பது லிட்டர்

தஞ்சாவூரில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது, நகருக்கு வெளியே இருந்த ஒரு சிறிய உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பகுதிநேர ஆவண உதவியாளராகச் சேர்ந்தேன். இலக்கியம் படித்தவர்களையும் இத்தகைய வேலைக்கு இப்போது எடுக்கிறார்கள். பின்னால் வருவோருக்குப் பயன்படலாம் என்பதால், அங்கே நான் செய்த பிழை ஒன்றை எழுதிவைக்கிறேன்.

பழைய அரிசி ஆலை ஒன்றின் கிடங்குதான் நிறுவனம். எல்லோரையும் சேர்த்து ஐந்து பேர். மரபணு மாற்றிய ஈஸ்ட்டை ஐம்பது லிட்டர் டேங்கில் வளர்த்து, அது சுரக்கும் நொதியைப் பிரித்தெடுப்போம். கோழித் தீவனத்தில் கலக்கும் நொதி அது. ஆலைகளில் கழியும் நொய்யிலிருந்து எடுத்த சர்க்கரையே ஈஸ்ட்டுக்கு உணவு. நொய் கிடைக்கும் இடத்தில்தான் தொழிற்சாலையும் அமைய வேண்டும் என்பது நிறுவனர் கலைவாணன் சாரின் பிடிவாதம்.

ஆய்வகக் குடுவையில் நடப்பது பெரிய டேங்கிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. அளவு கூடும்போது நுரையும் சூடும் காற்றோட்டமும் மாறிவிடும். சிறிய நிறுவனங்கள் தடுக்கி விழும் இடம் அது. அங்கே கைகொடுக்க அரசின் நிதியுதவித் திட்டம் ஒன்று இருந்தது. அதில் ஐந்நூறு லிட்டர் டேங்குக்கு விண்ணப்பித்திருந்தோம். ஈஸ்ட்டை விட்டு நொதியை எடுக்கும்வரை ஓர் ஓட்டம். ஐம்பது லிட்டரில் அடுத்தடுத்து மூன்று ஓட்டங்கள் ஒரே சீராக வந்ததை, ஓடும்போதே எழுதிய பதிவுத்தாள்களான பேட்ச் ரெக்கார்டில் காட்ட வேண்டும். நிபுணர் குழு நேரில் வந்து பார்க்கும்.

டேங்கை ஓட்டியவர் வசந்தி அக்கா. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், நடவு வேலைக்குப் போன குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஹைதராபாத்தில் ஒரு மருந்து ஆலையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். கணவர் ஊரில் குத்தகை நிலம் பார்த்தார். மகள் அவரிடம் வளர்ந்தாள். இந்த வேலையை நம்பி அக்கா திரும்பி வந்திருந்தார். ஆனால் பெரிய டேங்க் வந்தால்தான் அவருடைய வேலை நிலைக்கும். ஹைதராபாத் ஆலையிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்திருந்தது. குழு வந்து போகட்டும் என்று பதில் சொல்லாமல் வைத்திருந்தார்.

தமிழ் படிப்பதால் என்னைப் புலவர் என்றுதான் கூப்பிடுவார். "ஐந்நூறு வந்துட்டா நான் தினம் பஸ் புடிச்சு வீட்டுக்குப் போயிடுவேன் புலவரே. எம்பொண்ணுக்கு ஒம்பது வருசமா போன்லயே தலை வாரி விட்டுட்டு இருந்தேன்" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

2. மூன்று ஓட்டங்கள்

மூன்று ஓட்டங்களும் நன்றாகவே வந்தன. டேங்க் பழையது, தானாகப் பதிவு செய்யும் வசதி அதில் இல்லை. மணிக்கொருமுறை அமிலத்தன்மை, வெப்பம், கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை அக்கா நின்ற இடத்திலேயே தாளில் குறிப்பார். ஈரக் கையுறையோடு எழுதியதால் தாள் எங்கும் கறை. ஓரத்தில் "நுரை ஏறிடுச்சு, ஆன்ட்டிஃபோம் விட்டேன்", "கரண்ட் போச்சு, நாலு நிமிஷம்" என்று கிறுக்கல்கள். தவறிய எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட்டிருப்பார்.

மூன்றாம் ஓட்டம் முடிந்ததும் சம்பா அறுப்புக்காக அக்கா நான்கு நாள் விடுப்பில் போனார். அவர் திரும்பும் நாளில்தான் குழுவும் வருவதாக இருந்தது. கோப்பை அடுக்க உட்கார்ந்தவள் அந்தத் தாள்களைப் பார்த்துத் தயங்கினேன். டெல்லியிலிருந்து வருபவர்கள் இவற்றைப் பார்த்து அக்காவைக் குறைவாக எடைபோடுவார்கள் என்று தோன்றியது. புதிய படிவங்களில் எல்லாவற்றையும் பெயர்த்தெழுதினேன். ஓர் எண்ணையும் மாற்றவில்லை, இருமுறை ஒப்பிட்டேன். அடித்த எண்களை மட்டும் எழுதாமல் விட்டேன். "நுரை மிகுந்தமையால் நுரையடக்கி சேர்க்கப்பட்டது" என்று ஓரக்குறிப்புகளைத் திருத்தினேன். இயக்கியவர் என்ற கட்டத்தில் அக்காவின் பெயரையும் நானே எழுதினேன். பழைய தாள்களைக் கிழித்துக் கழிவுப் பையில் போட்டேன். அன்று மாலையே அது எரியுலைக்குப் போய்விட்டது.

சுவடிகளின் பாடபேதங்களைப் பற்றிக் காலையில் வகுப்பில் குறிப்பெடுத்தவள்தான் பிற்பகலில் ஒரு மூலத்தைக் கிழித்தேன். இரண்டையும் இணைத்துப் பார்க்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. சார் கோப்பைப் புரட்டி, அழகாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனார்.

3. குழு வந்த நாள்

குழுவின் தலைவி தமிழ் அறிந்தவர். மூன்று ஓட்டங்களின் தாள்களையும் அருகருகே பரப்பிவைத்துப் பார்த்தார். பிறகு வசந்தி அக்காவிடம் கேட்டார்.

"இத்தனை நாள் ஓட்டத்துல ஒரு இடத்துலகூட அடிச்சுத் திருத்தலையே. எல்லாம் ஒரே பேனா. இதை எழுதினது நீங்கதானா?"

அக்கா அந்தத் தாள்களை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். இரண்டு மூன்று பக்கங்களைப் புரட்டினார். என்னை ஒருமுறை பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் விரும்பினேன், இதை மறைப்பதற்கில்லை.

"எழுத்து என்னுது இல்லைங்க மேடம். நம்பர் என்னுது."

நான் எழுந்து, செய்ததைச் சொன்னேன். மூலத்தாள்கள் எங்கே என்று கேட்டார்கள். எரிந்துவிட்டன என்றேன்.

தலைவி கோபப்படவில்லை. "நுரை ஏறுச்சு, கரண்ட் போச்சு, இங்க சமாளிச்சோம், அங்க தப்பாப் படிச்சோம். நாங்க அதைப் பார்க்கத்தாம்மா இவ்வளவு தூரம் வந்தோம். இப்ப எதை வச்சு நம்புறது?" என்றார். மூன்று ஓட்டங்களையும் மறுபடி ஓட்டிவிட்டு அடுத்த அமர்வுக்கு வரச் சொன்னார்கள். அடுத்த அமர்வுக்கு அரை ஆண்டு இருந்தது. ஹைதராபாத் ஆலை அவ்வளவு நாள் காத்திருக்காது.

அன்று நான்கு மணித் தேநீருக்குச் சார் வரவில்லை. டேங்கைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"நல்லது நெனச்சுதான் செஞ்சே, தெரியுது" என்றார், குழாயை மூடாமலே. "ஆனா கோடு போட்டு அடிச்சிருந்தேன் பாரு, நான் அங்க நின்னதுக்கு அதுதான் சாட்சி."

புதிதாக வந்தவருக்கு இரண்டு வாரம் டேங்கைப் பழக்கிக் கொடுத்துவிட்டு அவர் ஹைதராபாத்துக்குப் போனார்.

4. ஐந்நூறு லிட்டர்

ஓட்டங்களை மறுபடி நடத்தினோம். கறையும் கிறுக்கலுமாகவே தாள்களைக் கோப்பில் வைத்தேன். அடுத்த அமர்வில் ஒப்புதல் கிடைத்தது. டேங்க் வந்திறங்கிய நாளில் எல்லோரும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இயக்கும் பலகையின் முன்னால் ஒருவர் நிற்குமளவு இடம் இருந்தது. நான் அங்கே போய் நிற்கவில்லை.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மூலத்தாளைத் தொடாதீர்கள். அதை எழுதியவருக்கு நன்மை செய்வதாகத் தோன்றும்போது இன்னும் கவனமாக இருங்கள்.

பொங்கல் விடுமுறையில் அக்கா மகளை அழைத்துக்கொண்டு வந்தார். வெளியாட்கள் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்த விதியை அரசு உதவியோடு சேர்த்துப் பெற்றிருந்தோம். ஊர் என்ற கட்டத்தில் ஹைதராபாத் என்று எழுதினார். வந்த காரணம் என்ற கட்டத்தில் சற்றுநேரம் பேனாவை நிறுத்தி, "டேங்க் பார்க்க" என்று எழுதினார்.

மகள் அவ்வளவு பெரிய எஃகுக் கலத்தை அண்ணாந்து பார்த்தாள். "இதாம்மா நீ ஓட்டுற டேங்க்?" என்றாள்.

"இல்லடி" என்றார் அக்கா. "இது இங்க இருக்கறவங்க ஓட்டுறது."