பெட்டியில் ஐஸ் இல்லை

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு என் தோழி எழுதிக் கேட்டு வாங்கிய ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் அது. சென்னையில் சுங்கத்தில் கிடந்துவிட்டு, சித்திரை வெயிலில் திருநெல்வேலி வந்து சேர்ந்தது. தெர்மோகோல் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஐஸ் இல்லை. வெதுவெதுப்பாக ஒரு சின்னக் குப்பி, அடியில் சில துளிகள்.

"வெந்து போயிருக்கும். தூரப் போடுங்க" என்றார் எங்கள் பேராசிரியர்.

அவள் போடவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

அவள் உவரிக் கடற்கரை ஊர்க்காரி. முள் பந்துபோல் கடலடியில் கிடக்கும் கடல் முள்ளெலியின் முட்டை கருவாகும்போது எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதத்தைச் சுற்றிக் கிடக்கிறது. அந்தப் புரதத்தில் அசிட்டைல் என்ற சிறு ஒட்டு ஏறினால் அந்த இடத்து மரபணு விழித்துக்கொள்ளும் என்று அப்போது பேசத் தொடங்கியிருந்தார்கள். ஒட்டு ஏறிய ஹிஸ்டோனை மட்டும் தேடிப் பிடிப்பது அந்த ஆன்டிபாடியின் வேலை. வலையில் சிக்கும் முள்ளெலிகளை அவளுடைய அப்பா கடல்தண்ணீரோடு வாளியில் பஸ் ஏற்றி அனுப்புவார்.

ஆனி மாதம் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. ஊருக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். கீழே இரண்டு தங்கைகள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது.

பேராசிரியர் ஃப்ரிட்ஜைக் காலி செய்யச் சொன்னபோது குப்பி என் கையில் வந்தது. எறிய மனம் வரவில்லை. அவள் பிரித்து உறையவைத்திருந்த ஹிஸ்டோனை எடுத்து, குப்பியிலிருந்த துளிகளையெல்லாம் ஊற்றி, அவள் செய்வதுபோலவே எல்லாம் செய்தேன். மாலையில், வெள்ளைத் தாள்போன்ற சவ்வில், ஊதா நிறத்தில் ஒரு கோடு மெல்ல எழுந்தது. ஆன்டிபாடி ஹிஸ்டோனைப் பிடித்திருக்கிறது; அது சாகவில்லை. ஆய்வகத்தில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். யாரிடம் சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் நாங்குநேரி வழியாக உவரிக்குப் பஸ் ஏறினேன்.

"செத்துப்போச்சுன்னுதானட்டி சாரு சொன்னாரு?" என்றாள் தோழி, நான் கொண்டுபோன சவ்வை வெளிச்சத்தில் பிடித்தபடி.

"உயிரோடதாம்ட்டி இருக்கு. நீ வா. நாம திரும்பச் செஞ்சு பாப்போம்."

அவள் அம்மா கறுப்புச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். "அது என்ன மக்கா?"

"அப்பா கடைசியா அனுப்புன முள்ளெலிம்மா. அதுலருந்து எடுத்தது" என்றாள் தோழி.

அம்மா அதை வாங்கி, அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு என்னிடம் கேட்டாள்: "இவ வந்தா இந்த ரெண்டு புள்ளைகள யாரு பாக்கா, சொல்லு?"

தோழி சவ்வை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"குப்பியில அந்த மருந்து இன்னும் கெடக்கா?" என்றாள் என்னிடம்.

"இல்லட்டி. தீந்துபோச்சு. வேற குப்பி எழுதிக் கேட்டாத்தான் உண்டு."

"அப்ப ஒருவாட்டி பாத்தது எதுக்கும் ஆகாது. உனக்குத் தெரியும்லா."

தெரியும். ஒருமுறை மட்டும் வந்த முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள். வேறு குப்பி கேட்டு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவளுடைய ஆராய்ச்சிப் பதிவு அந்த வருடமே ரத்தானது. அவளுடைய மேசையில் வேறு ஒருவர் வந்து உட்கார்ந்தார்.