போறது இறக்கம், வர்றது ஏத்தம்

டெல்லியிலிருந்து மஸ்கட்டுக்கு விமானம் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் போய்விடுமாம். போடி டீக்கடையில் பேசிக்கொண்டார்கள் என்று மஸ்கட்டில் இருக்கும் எனக்கு அண்ணன் தங்கபாண்டியன் போன வாரம் போனில் சொன்னார்.

"மூணாறு பஸ்சே அதுக்கு மேல ஆகும், பியூலா!"

விசாரித்தால், வதந்தி கிளம்பியதே அண்ணன் வீட்டிலிருந்துதான். மதினி ஜெயபாக்கியத்தின் டிக்கெட்டில் காலை பத்துக்குப் புறப்பாடு, பதினொன்றேமுக்காலுக்கு மஸ்கட். திரும்பும்போது நாலரை மணி நேரம். ஏன் என்று மதினி யாரிடமும் கேட்கவில்லை.

"போறது இறக்கம், வர்றது ஏத்தம். அம்புட்டுத்தானே?"

இருபது வருடமாகப் போடிமெட்டு ஏறி இறங்குகிறவருக்கு வேறெப்படித் தோன்றும்? மலையில் யாரும் கிலோமீட்டர் சொல்வதில்லை. ஏற ஒரு நேரம், இறங்க ஒரு நேரம்.

"மதினி, இங்க கடிகாரம் ஒண்ணரை மணி நேரம் பின்னாடி. தூரம் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. மூணேகால் மணி நேரம் பறக்கணும்" என்றேன்.

"அப்ப ஒண்ணரை மணி நேரம் எனக்கு இனாமா? குடுக்கட்டும், வாங்கிக்கிறேன்."

தேவாரத்தில் பிறந்து எங்கள் ஏலக்காய்க் கடைக்கு மருமகளாக வந்தவர் மதினி. எஸ்டேட்டுகளுக்கு அவரே ஜீப்பில் போய்க் காய் பார்த்து வாங்குவார். எத்தனை பேர் நெருக்கினாலும் சாம்பிள் டப்பாவை மடியைவிட்டு இறக்கமாட்டார்.

"அக்கா, கம்பியப் பிடிங்க, வளைவு வருது" என்பார் டிரைவர் முத்துக்கண்ணன்.

"நீ வண்டிய ஒழுங்கா ஓட்டு. டப்பா கைமாறுனா உள்ள இருக்கிறது வேற ஆளு காயாயிரும்."

எங்கள் காய் எத்தனையோ முறை கடல் தாண்டியிருக்கிறது, எல்லாம் ஏஜெண்டுகள் பெயரில். மஸ்கட்டில் காப்பிக்கு ஏலக்காய் விற்கும் மொத்த வியாபாரி ஒருவரை நான் பேசிப் பிடித்தேன். காயை நேரில் பார்த்து, பிடித்துப்போனால் எங்கள் கடைப் பெயரிலேயே எடுப்பதாகச் சொன்னார். டெல்லியில் வாசனைப் பொருள் கண்காட்சிக்கு வந்த மதினி அங்கிருந்தே கிளம்பிவிட்டார். எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டுக்குச் சம்பளத்துக்கு வந்தவர்கள் உண்டு. சரக்கு விற்க வந்த முதல் ஆள் மதினிதான்.

இன்று விமான நிலையத்தில் நான் காத்திருக்கும்போதே அண்ணன் கூப்பிட்டார்.

"பதினொண்ணேமுக்காலுக்கே இறங்கியிருக்கணும்ல? இங்க பன்னெண்டரை ஆச்சு. பிளேன் என்னாச்சு?"

"இன்னும் வானத்துலதான்ணே இருக்கு."

"நீ பாத்தியாக்கும்!"

மறுபடியும் கணக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. கணக்கெல்லாம் தெரிந்தவள்தான், விமான நேரம் காட்டும் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

விமானம் இறங்கிவிட்டதாகப் பலகையில் வந்ததும் சற்றுப் பொறுத்து மதினிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. சுங்கத்தில் டப்பாவை வாங்கி வைத்துவிட்டார்களோ? அது இல்லாமல் வியாபாரி முன் போய் எதைக் காட்டுவது?

மூன்றாவது முறை போட்டபோது கண்ணாடிக் கதவு திறந்தது. போர்ட்டர் ஒருவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வர, பின்னால் கசங்காத சேலையில் மதினி. இரண்டு கையாலும் டப்பாவை மார்போடு அணைத்திருந்தார். தோள்பைக்குள் போன் அலறியது. பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னைக் கண்டதும் மதினி தாடையால் பையைக் காட்டி, "யாருடி அது, நேரங்காலம் தெரியாம?" என்றார்.

நான் துண்டிக்கவில்லை. அடிக்கட்டும், எல்லாரும் எங்கள் மதினியைப் பார்க்கட்டும்.