ஊசி நின்ற பிறகு

என் அக்காவுக்கு முடக்குவாதம். செமோர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், அந்த நிலம் கைமாறி அடுக்கு வீடுகளாக ஆனபின் ஈப்போ நகரில் ஒரு பேரங்காடியில் காய்கறி கட்டும் வேலைக்குப் போனாள். விரல்கள் மடங்க ஆரம்பித்தது அங்கேதான். காலையில் சட்டைப் பொத்தான் போடக்கூட மகளைக் கூப்பிடுவாள்.

மருத்துவமனையில் ஒரு புது ஊசியைச் சோதிக்கிறார்கள், சேர விருப்பமா என்று கேட்டபோது நானும் கூட இருந்தேன். பேசியது ஒரு தமிழ் டாக்டர், அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாகச் சொன்னார். ஊசி இலவசம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆய்வு முடிந்ததும் மருந்தும் நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் அக்கா தலையாட்டினாள்.

ஊசி வேலை செய்தது. தீபாவளிக்கு முறுக்கு அச்சைத் தானே அழுத்தினாள். ஒருநாள் சிலிபினில் இருக்கும் என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், அக்காதான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பிறகு ஆய்வு முடிந்தது. நல்ல முடிவு என்றார்கள். ஆனால் மருந்து இன்னும் விற்பனைக்கு வரவில்லை, வாங்க வழியில்லை. அக்கா பழைய மாத்திரைகளுக்குத் திரும்பினாள். விரல்களும் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பின.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாராவது ஏமாற்றியிருந்தால் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். டாக்டரோ ஊசியைத் தொடர்ந்து கொடுக்கும்படி மருந்துக் கம்பெனியைக் கேட்டுப் பார்த்தார். முடியாது என்று பதில் வந்ததை அவரே போன் செய்து சொன்னார். அதுகூட எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து மறுபடி அழைப்பு. மருந்து நின்றபிறகு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுக்க வேண்டுமாம். இன்னும் என்ன வேண்டுமாம் உன்னிடம், போகாதே என்று கத்தினேன். அக்கா பசியாறிவிட்டுக் கிளம்பினாள். முணுமுணுத்துக்கொண்டே நானும் காரை எடுத்தேன்.

ரத்தம் கொடுத்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. இதே ஊசியின் அடுத்த ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறீர்களா என்று டாக்டரைக் கேட்டாள். ஆமாம் என்றார்.

"அவங்க சேர்றதுக்கு முன்னாடி நான் வந்து பேசலாமா டாக்டர்? மருந்து நிக்கும்னு நீங்க சொன்னீங்க, வெளங்குச்சு. நின்னா எப்படி இருக்கும்னு அப்ப வெளங்கல லா."

மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவைக் கேட்க வேண்டும், ஆட்கள் பயந்து விலகினால் ஆய்வே நடக்காது என்று அங்கே சொல்லக்கூடும் என்றார் டாக்டர். கேட்டுப் பாருங்க என்றாள் அக்கா. இழுத்தடித்து, கடைசியில் குழுவில் சம்மதித்தார்கள்.

முதலில் வந்தவள் சித்தியவான் பக்கத்து எஸ்டேட் பெண். அக்கா கைகளை மேசைமேல் வைத்து, ஊசி போட்ட காலத்தையும் நின்ற காலத்தையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி போட்டப்ப வலி சுத்தமா இல்லையாக்கா?"

"இல்ல."

"அப்ப நான் சேர்றேன். கொஞ்ச நாளாச்சும் புள்ளைக்குத் தலை பின்னிவிடலாம்ல."

திரும்பும் வழியில், இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று கேட்டேன். அவள் தெரிந்து சேர்கிறாள், நான் தெரியாமல் சேர்ந்தேன், அது வேற இது வேற என்றாள் அக்கா. அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு இல்லை. வேறு நல்ல மருந்துக்கு வழியிருந்தால் அந்தப் பெண் சேர்ந்திருப்பாளா? யாரிடம் கேட்பது இதை?

அக்கா இப்போதும் போகிறாள். அவள் சொல்வதைக் கேட்டபின் சேர்கிறவர்களும் உண்டு, யோசிக்கிறேன் என்று வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. கூட்டிப்போவது நான்தான். இப்போதெல்லாம் உள்ளே போவதில்லை, காரிலேயே இருந்துவிடுகிறேன். உடனே அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்பதுபோல், எஞ்சினை அணைக்க மனம் வருவதில்லை.