தேர் ஓடிய அறிவியல் வகுப்பு

நிலா மிஸ் எங்கள் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் தாண்டி உள்ளே போகும் சாலையில் எங்கள் நடுநிலைப் பள்ளி இருந்தது. அவருடைய ஸ்கூட்டி வளைவில் திரும்பும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். வண்டிச் சத்தத்தை வைத்து அல்ல, கால் வைக்கும் இடத்தில் அவர் வைத்திருக்கும் பையின் சத்தத்தை வைத்து. தகர டப்பா, புனல், காந்தம், கோலிக்குண்டு எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வரும். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் அதைக் கேட்டு, "பாத்திரக் கடை வந்துடுச்சு" என்பார்கள்.

இப்போது அவர் செய்யாறு பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் என்று நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தப் பையின் சத்தம்தான். அதனால் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

முழுப்பெயர் கவிநிலா. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா அப்பாசாமி நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைப்பவர். மிஸ் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பிறகு டவுனில் ஒரு மொபைல் கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். அரசுப் பள்ளிகளில் சோதனைகளைப் பிள்ளைகளையே செய்ய வைத்துக் கற்றுக்கொடுக்க ஆட்களை ஒப்பந்தத்தில் எடுத்தபோது, கடையை விட்டுவிட்டு இதற்கு வந்துவிட்டார். "எங்க அப்பா ஊர்ல போய் என் பொண்ணு வித்தை காட்டுதுன்னு சொல்றாரு" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகம் கொஞ்சம் மாறும். கடைக்கே திரும்பிப் போகச் சொல்லி வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வகுப்பு படுமோசம். பலகையைப் பார்த்துக்கொண்டே, "பருப்பொருள் மூன்று நிலைகளில் இருக்கும்" என்று தமக்குத் தாமே சொல்வது போல் சொன்னார். கடைசி பெஞ்சிலிருந்து புகழேந்தி, "மிஸ், சவுண்ட் வைங்க மிஸ்!" என்று கத்தினான். அவர் இன்னும் மெதுவாகப் பேசினார். பாதிப் பேர் தூங்கிவிட்டோம்.

அடுத்த வாரம் ஒரு பேசினில் சோளமாவைத் தண்ணீரில் கரைத்து மேசை மேல் வைத்தார். "புகழேந்தி, இங்க வா. இதைக் குத்து."

குத்தினான். சுவரில் குத்தியது போல் கை அப்படியே நின்றுவிட்டது.

"இப்போ விரலை மெதுவா விடு."

விரல் மோரில் இறங்குவது போல் இறங்கியது. புகழேந்தி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "மிஸ், இது எங்க அப்பா மாதிரி மிஸ். எதுத்துப் பேசினா கல்லு. கெஞ்சினா கரைஞ்சுடுவாரு."

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அன்றிலிருந்து அதற்குப் புகழேந்தி அப்பா மாவு என்று பெயர். இது திடமா திரவமா என்று நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டோம். மிஸ் தீர்ப்புச் சொல்லவில்லை. "எனக்கும் முதல்ல பார்த்தப்போ குழப்பமாதான் இருந்துச்சு. நீங்க இன்னும் கொஞ்சம் குத்திப் பாருங்க" என்றார். எந்த டீச்சரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு வாரம், உருட்டிவிட்டால் தானாகத் திரும்பி வரும் தகர டப்பா. உள்ளே ரப்பர் பேண்டும் அதன் நடுவில் ஒரு நட்டும் கட்டியிருந்தார். அதைத் தொடவே என் தோழி ஓவியா பயந்தாள். "உள்ள பேய் கீய் இல்லியே மிஸ்?" "பிரிச்சுப் பாரு." பிரித்தோம். முறுக்கிக்கொண்டிருந்த ரப்பர் கைக்குள்ளேயே சுழன்றது. ஆற்றல் என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றும் என் உள்ளங்கையில் அந்தச் சுழற்சி தெரிகிறது.

வம்பு மாவில்தான் வந்தது. இன்னொரு முறை மாவு வகுப்பு முடிந்ததும், மிச்சத்தை நாங்கள் கை கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டோம். குழாய்க்குள் போய் மாவு படிந்து இறுகிவிட்டது. மதியம் எல்லோரும் கை கழுவிய தண்ணீர் தொட்டி நிரம்பி, வராந்தா முழுக்க ஓடி, தலைமை ஆசிரியர் அறைக்குள் போனது.

ரேவதி டீச்சர்தான் தலைமை ஆசிரியர். எங்களுக்குக் கணக்கும் அவர்தான். நிலா மிஸ்ஸைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசினார். வராந்தாவில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"நீங்க ஆசையாதான் செய்றீங்கம்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா எட்டாவதுல பாதி புள்ளைங்களுக்கு வகுத்தல் வரல. இவங்க விளையாடறதுக்கு வாரத்துல ஒரு பீரியட் போவுது. தீபம் முடிஞ்சு கல்வி ஆபீஸ்ல இருந்து பார்க்க வராங்க. அன்னிக்கு நடத்துங்க. புள்ளைங்க ஏதாவது கத்துக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சா வச்சுக்கறேன். இல்லன்னா எங்க ஸ்கூலுக்கு இது வேணாம்னு எழுதிக் குடுத்துடுவேன்."

"சரிங்க டீச்சர்" என்று மட்டும் நிலா மிஸ் சொன்னார். ஒரு பள்ளி வேண்டாம் என்று எழுதினால் அடுத்த வருடம் ஒப்பந்தம் நீளாது என்பது அவருக்குத் தெரியும். மாவை ஊற்றிய எங்களை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வந்து பார்க்கிற அன்று செய்ய அவர் ஒரு சோதனையை யோசித்து வைத்திருந்தார். சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டை தள்ளுகிற நாலு சக்கரத் தட்டுவண்டி. அதில் கயிறு கட்டி, கயிற்றுக்கு நடுவில் மூட்டை எடை பார்க்கும் தொங்கு தராசை மாட்டி இழுக்க வேண்டும். ஒரு பிள்ளை ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு விசை, இரண்டு பேர் உட்கார்ந்தால் எவ்வளவு என்று தராசின் முள்ளே காட்டிவிடும். "நீங்க எல்லாரும் சேர்ந்து இழுக்கணும். தேர் இழுக்கற மாதிரி" என்றார்.

தேர் என்ற வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. அதுவும் எங்கள் ஊரில், அதுவும் தீபத்துக்கு முன்னால்.

தீபத் திருவிழாவில் ஐந்து தேர் ஓடும். அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள். கடைசியில் வரும் சண்டிகேஸ்வரர் தேர் பிள்ளைகளுடையது. அந்த வருடமும் கூட்டத்தில் புகுந்து இழுத்துவிட்டு, உள்ளங்கையெல்லாம் கயிறு உரசிய காந்தலோடுதான் பள்ளிக்குத் திரும்பினோம். மாவை ஊற்றி மிஸ்ஸுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டோம், இதையாவது நன்றாகச் செய்து கொடுப்போம் என்று எல்லோருக்கும் இருந்தது.

ஆபீஸிலிருந்து பார்க்க வருகிற அன்று காலை சீக்கிரமே போய் வண்டியைத் தேராக்கினோம். நாலு மூலையில் மூங்கில் நட்டு, மேலே தெர்மாகோலில் கோபுரம் வைத்து, காற்றில் சாயாமல் இருக்கக் கீழே செங்கல் அடுக்கினோம். மாவிலை, கலர் பேப்பர், செவ்வந்தி. இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வகுப்பு வளவன் தன் வீட்டிலிருந்து அண்ணாமலையார் படம் கொண்டுவந்து நடுவில் வைத்தான். ஓவியா விபூதி பூசினாள். சமையல் செய்யும் வள்ளியம்மாவிடம் தீப்பெட்டி வாங்கிச் சூடமும் காட்டிவிட்டோம்.

வழியில் ஸ்கூட்டி பஞ்சராகி, மிஸ் தாமதமாக வந்து சேர்ந்தபோது ஆபீஸிலிருந்து தசரதன் சார் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மிஸ் தேரைப் பார்த்தார். "அய்யோ, இவ்ளோ அழகா பண்ணியிருக்கீங்களே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். தராசை மாட்டினார். பிறகு, "சரி, முதல்ல யாரு ஏறி உக்காரப் போறீங்க?" என்று கேட்டார்.

யாரும் நகரவில்லை.

"புகழேந்தி, நீ வா."

"நானா? நான் மாட்டேன் மிஸ். சாமி இருக்குது, கால் படும்."

"ஓவியா?"

"சூடம் காட்டிட்டோம் மிஸ்."

அப்போதுதான் அவர் கீழே பார்த்தார். நாங்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தோம்.

"படத்தை எடுத்து உள்ள வச்சுட்டு..." என்று ஆரம்பித்தார். வளவன் குறுக்கே புகுந்தான். "ஓடாத தேர்ல இருந்து சாமிய எறக்கலாமா மிஸ்?" வள்ளியம்மா சமையல்கட்டு வாசலிலிருந்து அவனுக்குச் சேர்ந்துகொண்டார். "அதெப்படிம்மா எறக்கறது? தேருன்னு கட்டிட்டா ஓடணும். சுத்தி வந்து நிலையில நின்ன பிறவுதான் எறக்கணும்."

ரேவதி டீச்சர் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னம்மா இது, ஸ்கூல்ல தேர்த்திருவிழா? அவரு இன்னா எழுதப் போறாரோ" என்றார். நிலா மிஸ்ஸின் கழுத்தில் வியர்வை ஓடியது. ஏதோ சொன்னார், முதல் நாள் மாதிரி யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது முறையாக அவர் காரியத்தைக் கெடுத்துவிட்டோம். ஆனாலும் ஏற முடியவில்லை. முடியாது என்றால் முடியாதுதான்.

மிஸ் செருப்பைக் கழற்றினார்.

"சரி. யாரும் ஏற வேணாம். ஸ்கூலைச் சுத்தி இழுத்து நிலைக்குக் கொண்டாந்துடலாம். ஆனா தராசு முள்ளை நான் பார்த்துச் சொல்லுவேன், எல்லாரும் மனசுல வச்சுக்கணும். கட்டை போடறது யாரு?"

வளவன் ஒரு மரக்கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். அண்ணாமலையாருக்கு அரோகரா என்று கத்திக்கொண்டு இழுத்தோம். செங்கல் பாரம், வண்டி அசையவில்லை. "இன்னும் இழுங்க! இருபது... இருபத்தஞ்சு... முப்பது!" தராசுக்குப் பக்கத்திலேயே மிஸ் பின்பக்கமாக நடந்துகொண்டு கத்தினார். வண்டி கிளம்பியது. "இப்போ பாரு! பதினஞ்சுக்கு வந்துடுச்சு!" அவருக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூலையில் திரும்ப வேண்டியிருந்தது. ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மறுபக்கமாக இழுத்துத் திருப்பினோம். யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, தேரடி வீதியில் பார்த்ததுதான். மண்ணில் முள் ஏறியது, சிமெண்டில் இறங்கியது. வராந்தா சாய்தளத்தில் ஏற்றும்போது முள் முப்பதையும் தாண்டியது. தசரதன் சார் நாற்காலியை விட்டு எழுந்து, ஷூவைக் கழற்றிவிட்டுக் கூடவே வந்தார்.

வராந்தாவின் அந்தக் கோடியில் இறக்கம். அங்கேதான் தேர் ஓட்டம் பிடித்தது. கயிறு தொய்ந்து, முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. வளவன் போட்ட கட்டை நழுவிவிட்டது. கோபுரம் ஆட, செவ்வந்தி உதிர, தேர் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்தது.

"டேய், முன்னாடி நிக்காதீங்கடா! நவுருங்க!" ரேவதி டீச்சர் ஓடிவந்து, வண்டியின் பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தார். அவர் எப்போது செருப்பைக் கழற்றினார் என்று தெரியவில்லை. வெறுங்கால் சிமெண்டில் தேய்ந்துகொண்டே போனது. "வளவா, கட்டைய போடுடா, கட்டைய!" போட்டான். நின்றது.

டீச்சருக்கு மூச்சு வாங்கியது. தசரதன் சார் சிரிக்காமல் கேட்டார். "ஏன் டீச்சர், எல்லாரும் முன்னால இழுக்கறாங்க, நீங்க மட்டும் பின்னால இழுத்தீங்க?"

"எறங்கும்போது அதுவே ஓடுது சார். நிறுத்தத்தான் விசை வேணும்" என்று சொன்ன டீச்சர், தாம் சொன்னதைத் தாமே கேட்டுவிட்டது போல் நிலா மிஸ்ஸைப் பார்த்தார். நாங்கள் கைதட்டிவிட்டோம்.

சார் எங்களிடம் திரும்பினார். "எப்போ ஜாஸ்தி இழுக்க வேண்டியிருந்தது?"

"கெளப்பும்போது சார்" என்றாள் ஓவியா. "ஓட ஆரம்பிச்சா கம்மி ஆயிடுது."

"எவ்ளோ கம்மி?"

"பாதி சார்" என்றான் புகழேந்தி.

ரேவதி டீச்சர் அவனைப் பார்த்து, "பாதின்னு எப்படிடா சொல்ற?" என்றார்.

"முப்பதுல கெளம்புச்சு, பதினஞ்சுல ஓடுச்சு டீச்சர். ரெண்டா பிரிச்சா அதானே?"

"உனக்கு வகுத்தல் வராதேடா?"

"இது வகுத்தலா டீச்சர்?" உண்மையாகவே பயந்துபோய்க் கேட்டான்.

சமையல்கட்டுப் பக்கம், வண்டி எப்போதும் நிற்கிற இடத்தில் தேர் நிலைக்கு வந்தது. வள்ளியம்மா சூடம் காட்டிப் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தசரதன் சார் ஷூவை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பினார். கோபுரத்தைப் பிரித்து, செங்கல்லை இறக்கினோம். எல்லாம் இறங்கியதும் புகழேந்தி தட்டுவண்டியில் தாவி ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"இப்போ இழுங்கடா!"

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. அடுத்தது ரேவதி டீச்சரின் கணக்கு. நிலா மிஸ் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். அவரும் நாங்களும் டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டீச்சர் உள்ளங்காலைத் தடவிக்கொண்டு சாய்தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கயிறை ஏம்மா சுத்தறீங்க? அவனை மட்டும் வச்சு இழுத்துப் பாருங்க. அப்புறம் வளவனும் ஏறட்டும். ரெண்டு பேருக்கு எவ்ளோ வரும்னு முதல்ல கணக்குப் போட்டுச் சொல்லணும், அப்புறம்தான் இழுக்கணும். தப்பா சொன்னா எறங்கிடணும்" என்றார். கொஞ்சம் கழித்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அடுத்த வாரம் வரும்போது அந்த மாவு மட்டும் வேணாம்" என்றார்.

"சரிங்க டீச்சர்" என்றார் நிலா மிஸ். இந்த முறை சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.