மூன்றரை வயது பெல்ஜியம்

என் மாப்பிள்ளை ஒரு தரம் மூச்சை இழுத்தால் பக்கத்து நாட்டுப் பீப்பாயில் கிடக்கும் சரக்கின் வயதைச் சொல்லிவிடுவார். அவர் முகம் சுளித்தால் துறைமுகத்துக்கு வந்த கப்பல் அப்படியே திரும்பிப் போய்விடும். கப்பலை நான்தான் சேர்த்தேன். மீதியிலும் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். கழித்த பிறகும் மிஞ்சுவது ஒன்று உண்டு: வெளிநாட்டு மது வகைகளை இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் அவர் ருசி பார்ப்பவராக இருந்தார். அவர் தலையாட்டினால்தான் சரக்கு வாங்குவார்கள்.

வீட்டில் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. வேலையிலும் விழுங்க மாட்டார். வாயில் வைத்து, சுழற்றி, பக்கத்து வாளியில் துப்பிவிடுவார். துப்புவதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே ஆம்பளை தன் புருஷன்தான் என்று என் மகள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

போன வருடம் அவருக்குச் சளியோடு காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டது, போகும்போது வாசனை பிடிக்கும் சக்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. தனியாகப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார். டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துவிட்டு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாராம். அதைக் கேட்க எதற்கு டாக்டர், நானே சொல்லியிருப்பேன்.

இவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு நாள் காலையில் அடுப்பில் பால் தீய்ந்து ஏழு தெருவுக்கு நாறியது. சரி, மாடிப்படி வரைக்கும். மாப்பிள்ளை அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் மகள் ஈரத் தலையோடு ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். அவர் பக்கத்தைத் திருப்பினார். முன்பெல்லாம் எண்ணெய் வாங்கினாலும் புது சோப்பு வாங்கினாலும் அவர் மூக்கில் கொண்டுபோய் நீட்டுவாள். அன்றோடு அதை நிறுத்திவிட்டாள்.

வருத்தமாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. காபி அவருக்குச் சுடுதண்ணீர். சாப்பாடு, மெல்லுகிற வேலை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. எழுந்தார், சட்டையை மாட்டிக்கொண்டார், போனார், வந்தார்.

விஷயம் கம்பெனிக்குத் தெரிந்தால் ருசி பார்க்கும் நாற்காலி போய்விடும். மணம் தெரியாதவருக்கு அந்த மேசையில் என்ன வேலை? அவர் உருப்படியாகக் கற்ற தொழிலும் அது ஒன்றுதான். அதனால் தந்திரம் செய்தார். கிளாஸைச் சுழற்றி, சரக்கு கண்ணாடியில் எப்படி வழிகிறது என்று பார்ப்பார். நாக்கில் நெருப்பாக எரிந்தால் இளசு, எரியாமல் வழுக்கினால் பழசு. வாசனையைப் பற்றி, கூட ருசி பார்க்கும் மற்ற இருவரும் பேசும் வரை காத்திருந்து, அவர்கள் சொன்னதன் பின்னால் ஒரு வார்த்தையை ஒட்டவைப்பார். ஆறு மாதம் இப்படியே ஓட்டினார்.

அப்புறம் வந்தது பெல்ஜியம். எங்கள் தலைமுறைக்கு பெல்ஜியம் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதான். முகம் பார்க்கிற ஊரில் விஸ்கியும் காய்ச்சுகிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அதுவும் சிங்கிள் மால்ட். முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே ஆலையில் காய்ச்சுவதற்கு அந்தப் பெயராம்.

ருசி பார்க்கும் அறையில் ஜன்னல் திறக்க மாட்டார்கள், யாரும் சென்ட் பூசிக்கொண்டு வரக் கூடாது. வெள்ளை மேசை, மூன்று நாற்காலி, மூன்று வாளி. மேனேஜர், கொள்முதல் பார்க்கும் அம்மா, நம் ஆள். பாட்டில் துணிப்பைக்குள் இருந்தது. கிளாஸில் ஊற்றியது வைக்கோல் நிறம். எப்போதும் கடைசியில் பேசுகிறவரைப் பார்த்து மேனேஜர், இன்றைக்கு நீங்கள் ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டார். மூக்கருகே கொண்டுபோனார். பழக்கம்தானே. வாயில் வைத்தார், துப்பினார். எரியவில்லை.

"பன்னிரண்டு வருஷம்," என்றார். "ஷெர்ரி ஒயின் பீப்பாய்ல இருந்தது."

கொள்முதல் அம்மா தன் கிளாஸைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இளசுக்கே உள்ள பேரிக்காய் வாசனை இப்படித் தூக்குது. வெனிலா வேற. இதைப் போய் பன்னிரண்டுங்கறீங்களே சார். இன்னும் பால் பல்லே விழலை."

மேனேஜர் துணிப்பையை உருவினார். பெல்ஜியம், மூன்றரை வருடம். சாதுவாகப் பிறந்த பிள்ளை, அதனால்தான் எரியவில்லை. மேனேஜர் கோபப்படவில்லை. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆறு மாசம் சார்."

"சொல்லியிருக்கலாம்ல?"

மாப்பிள்ளை கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்திருக்கிறார்.

இப்போது கிடங்கில் இருக்கிறார். பெட்டிகளைப் பிரித்து, உடைசல் உண்டா, மூடியில் கசிவு உண்டா என்று பார்க்கிற வேலை. அதற்குக் கண் போதும். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது என் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள். யாரும் அழவில்லை. மூக்கு இல்லாமல் ஆறு மாதம் சமாளித்த மனுஷனை, எரியாத ஒரு விஸ்கி ஏமாற்றிக் கவிழ்த்துவிட்டது.

இதுவரை எழுதியதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். கப்பலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"கடைசியில தப்பு இருக்கு அத்தை," என்றார். "அது என்னை ஏமாத்தல. அன்னிக்குக் காலையில கீழே கிடங்குல அந்தச் சரக்கோட பெட்டியைப் பார்த்துட்டுத்தான் மேல போனேன். பெல்ஜியம், மூணரை வருஷம்னு பெருசா எழுதியிருந்தது."

பின்னே ஏன் பன்னிரண்டு என்றீர்கள் என்று கேட்டேன்.

"மூணரைன்னு சொல்லியிருந்தா மறுநாள் இன்னொரு பாட்டில் வந்திருக்கும்."